அந்த ஜனாதிபதி மேல குண்டு படாம இருந்திருந்தா

நிஜம்தாம்மா, நான் ஏன் பொய் சொல்லப் போறேன்? என் பேத்தி பள்ளிக்கூடத்துல எல்லார் முன்னாடியும் நின்னு என்னைப் பத்திப் பேசியிருக்கா. அமெரிக்க ஜனாதிபதியையும் என்னையும் ஒண்ணாச் சேத்து வச்சு! வேலிக்கு இந்தப் பக்கமா நகந்து நில்லுங்க, வெயில் உங்க மூஞ்சியில அடிக்குது.

எப்படி ஆரம்பிச்சுதுன்னு கேளுங்க. அமெரிக்காவுல ஓட்டு எண்ணுனாங்கல்ல, அவங்களுக்கு ராத்திரி, நமக்கு மறுநாள் மத்தியானம். நான் டீவி முன்னாடி உக்காந்து பீன்ஸ் நறுக்கிக்கிட்டிருந்தேன். இந்த ஊரு வெஸ்ட்கேட் கடையில வாங்கின பீன்ஸ், ஒரே நாரு. அதை விடுங்க. எனக்கு எழுத்துதான் தெரியாது, சிவப்பும் நீலமும் தெரியும்ல? ரசம் கொட்டுன மாதிரி, டீவியில காட்டுன அமெரிக்கா வரைபடம் பூரா சிவப்பு பரவிக்கிட்டே வந்துச்சு. ஜனாதிபதியாகணும்னு ஒரு அம்மா நின்னாங்களே, அந்தம்மாவுக்கு நீலம்னு மருமகன் காலையிலயே சொல்லிட்டுப் போயிருந்தாரு.

பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்தா. பையைக் கழட்டாம அப்படியே நிக்கிறா. "அவங்க தோத்துட்டாங்களா?"ன்னா. "தோத்துக்கிட்டு இருக்காங்கடி"ன்னேன். தொப்புனு என் பக்கத்துல உக்காந்துட்டா.

உக்காந்துட்டாம்மா! அது உங்களுக்குப் பெரிசாத் தெரியாது. வயசு பதிமூணு ஆனதுல இருந்து அவ வருவா, பிரிட்ஜைத் திறப்பா, பாலை எடுத்துக்குவா, ரூமுக்குப் போயிக் கதவைச் சாத்திக்குவா. நான் தமிழ்ல நாலு கேள்வி கேட்டா எல்லாத்துக்கும் சேத்து இங்கிலீஷ்ல ஒரு 'யா' வரும். இந்த வயசுல அப்படித்தாம்மான்னு என் மக சொல்லுவா. அதனால அன்னைக்கு நான் கத்தியைக்கூடக் கீழ வைக்கல. அசைஞ்சா எந்திரிச்சுப் போயிருவாளோன்னு பயம்.

அவளாத்தான் கேட்டா. "பாட்டி, அவங்க ஜெயிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"மொதல்ல அந்தம்மா வீட்டுக்காரரு என்ன பண்ணுவாருன்னு சொல்லு. அவரும் பழைய ஜனாதிபதியாமே. பொண்டாட்டி ஆபீசுக்குப் போயிட்டா, வீட்டுக்கு வர்ற விருந்தாளிக்கெல்லாம் அவருதான காபி போடணும்?"

சிரிச்சுட்டா. அப்படியே அவ பள்ளிக்கூட சமாச்சாரம் வெளிய வந்துச்சு. ஆளுக்கொரு ஸ்பீச் கொடுக்கணுமாம். நடந்து முடிஞ்சதுல ஏதாவது ஒண்ணை மாத்தணும், அப்புறம் என்னென்ன ஆகியிருக்கும்னு சொல்லணும். இவ எடுத்துக்கிட்டது கார்ல போகும்போது சுட்டாங்களே, அந்த ஜனாதிபதியை. "அந்த கார்ல மேல மூடியே இல்ல பாட்டி. மூடி இருந்திருந்தா?"

நான் கத்தியைக் கீழ வச்சுட்டேன். "அவரா? அவராலதான்டி எனக்கு எழுத்தே வரல!"

என்ன அப்படிப் பாக்குறீங்க? உண்மைதாம்மா. எங்க மாமா மெட்ராஸ்ல வேலை பாத்தாரு. லீவுல வந்தவரு, பொட்டப் புள்ளைன்னா என்ன, இவளைப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டுத்தான் ரயிலேறுவேன்னுட்டாரு. ரெட்டை ஜடை போட்டு, மாமா கையைப் பிடிச்சுக்கிட்டுப் போறேன். வாசல்லயே பசங்கெல்லாம் ஓன்னு கத்திக்கிட்டு வெளிய ஓடி வர்றானுங்க. உள்ள பெரிய வாத்தியாரு ரேடியோ பக்கத்துல நின்னு கண்ணைத் துடைக்கிறாரு. அமெரிக்க ஜனாதிபதியைச் சுட்டுட்டாங்க, இன்னைக்கு லீவு, அப்புறம் வாங்கன்னாரு. மாமா அன்னைக்குச் சாயங்காலமே கிளம்பணும், கிளம்பிட்டாரு. அடுத்து எங்கம்மாவுக்குப் பிரசவம். தம்பி என் இடுப்புல ஏறினான். அதுக்கப்புறம் யாரு என்னைக் கூட்டிட்டுப் போறது? அந்த மனுசன் மேல ரொம்ப நாளு எனக்குக் கோவம். சுடுறவன் ஒரு நாள் தள்ளிச் சுட்டிருக்கக் கூடாதா?

பேத்தி வாயைப் பொளந்துட்டா. ஓடிப் போயி லேப்டாப்பை அடுப்படிக்கே தூக்கிட்டு வந்துட்டா. அன்னையிலிருந்து தினமும் சாயங்காலம் அங்கதான்.

"கார்ல மூடி இருந்துச்சு, அவரு பொழைச்சுட்டாரு, நீ ஸ்கூல்ல சேந்துட்ட. அப்புறம்?"

"அப்புறம் நல்லாப் படிச்சு நர்சாயிருவேன். உன்ன மாதிரி அடங்காததுக்கெல்லாம் ஊசி போடுவேன்."

"அப்புறம்?"

"டவுன்ல வேலை. கையில வாட்ச்."

"தாத்தாவை எங்க பாத்த?"

அங்கதாம்மா மாட்டிக்கிட்டேன். எங்க மாமியாருக்குப் படிச்ச பொண்ணே ஆகாது. படிச்சவ எதுத்துப் பேசுவா, எழுத்துக்கூட்டி ஒரு வரி வாசிச்சாலும் வேண்டாம்னு சொல்லித்தான் என்னையப் பிடிச்சாங்க. நான் படிச்சிருந்தா அந்தச் சம்பந்தமே வந்திருக்காது. தாத்தா இல்ல, உங்கம்மா இல்லன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன்.

தட்டிக்கிட்டிருந்த விரலு நின்னுபோச்சு. "அப்போ நான்?"

முகம் சுண்டிப்போச்சும்மா புள்ளைக்கு. அப்புறம் முழுசா, தமிழ்லயே கேட்டா. "உனக்கு எது வேணும் பாட்டி? ஸ்கூலா, நானா?"

நீதான்டி தங்கம்னு சட்டுனு சொல்லியிருக்கலாம். சொன்னா அதோட ஆட்டம் முடிஞ்சுது, எந்திரிச்சுப் போயிருவா. அதுவுமில்லாம, பள்ளிக்கூடம் வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரலம்மா. எனக்கு ரெண்டும் வேணும். கடைக்காரன்கிட்ட பேரம் பேசுற மாதிரி யோசிச்சுப் பாத்தேன்.

"இரு. எங்க மாமியாரு பொண்ணு பாக்க வர்றாங்க. நான் நர்சுங்கிறதெல்லாம் வேண்டாம், அஞ்சாங்கிளாசோட நிறுத்திக்கிறேன். படிச்சிருக்கியான்னு கேப்பாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டு இல்லம்பேன். தீந்துச்சு."

"பொய் சொல்லுவியா?"

"நீ பொறக்கணும்னா ஒரு பொய் சொல்ல மாட்டேனா?"

"அது சீட்டிங்! ஒரே ஒரு திங் தான் மாத்தலாம். அதான் ரூல்."

"மாத்துனது கார் மூடியை மட்டும்தான்டி. பொய்யி அதுக்கப்புறம் தானா நடக்குது."

கன்னத்துல கை வச்சு யோசிச்சா. சரின்னுட்டா. அப்புறம் சிரிப்பான சிரிப்பு. காலம் பூரா ஒளிச்சு ஒளிச்சுப் படிக்கணும்ல? பருப்பு கட்டி வந்த காயிதத்தை அடுப்பு வெளிச்சத்துல படிச்சுக்கிட்டிருப்பேனாம், மாமியாரு வந்தா தலைகீழாத் திருப்பிப் பிடிச்சுக்குவேனாம். இதெல்லாம் அவ சேத்தது.

நேத்து அதைத்தான் பேசியிருக்கா. கிளாசே சிரிச்சுதாம், டீச்சர் அடுத்த கிளாசுலயும் பேசச் சொன்னாங்களாம். இதையும் என் மகதான் வந்து சொன்னா. பேத்தி வந்தா, பாலை எடுத்தா, கதவைச் சாத்திக்கிட்டா. வேலை முடிஞ்சுதுல்ல. நான் அடுப்படியில தனியா நின்னேன். இன்னைக்கு லீவு, காலையிலயும் கதவு சாத்தித்தான் இருக்கு. உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, டீவியைச் சத்தமா வச்சுக்கூடப் பாத்தேன், வரல.

என்னடி? இருங்கம்மா, ஜன்னல்ல நின்னு என்னமோ கத்துறா.

"பாட்டி! இன்னொரு பிரெசிடென்ட் இருக்காரு! அவரு பேசினதை அவரே டேப் பண்ணி, அதுலயே மாட்டிக்கிட்டாரு! அவரு மாட்டலன்னா?"

கேட்டீங்களா? ஸ்பீச்தான் முடிஞ்சுபோச்சே, இப்ப யாருக்காகக் கேக்குறாளாம்? ஏண்டி, அவரு பேச்சை அவரே எதுக்குப் பிடிச்சு வச்சாரு? பொண்டாட்டிக்குத் தெரியுமா?

அய்யய்யோ, தூறல் போடுதும்மா! இந்த ஊரு வெயிலை நம்பிப் போர்வையெல்லாம் காயப் போட்டுட்டேன். ஏய், கூடையைத் தூக்கிட்டு வெளிய வா! அந்த முனையை நீ பிடி, மடிச்சுக்கிட்டே சொல்லு. வரேம்மா, நனையுது.