அஞ்சலீனாவுக்குச் சொல்லாத சாவு

செபஸ்தியாம்பிள்ளை இறந்துபோன செய்தி ஜனவரி ஒன்பதாம் தேதி காலை எனக்கு வந்தது. அந்த நேரம் அவருடைய மகள் அஞ்சலீனா என் குசினியில் நின்று காலைச் சாப்பாட்டுக்குப் பாண் துண்டுகளை வாட்டிக்கொண்டிருந்தாள். போனில் அழுதது அவளுடைய தாய் றோசா, என் சின்னம்மாவின் மகள். நான் குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"அக்கா, பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ. பெப்ரவரி பன்னிரண்டு அவளின்ரை படிப்புக்குக் கடைசிச் சோதினை. அது முடியட்டும்."

"விசர்க்கதை கதையாத றோசா! தகப்பன் செத்ததை எப்பிடியடி மறைக்கிறது?"

"சொன்னா ஓடி வந்திடுவாள். வந்தா அங்கை திரும்ப விடுவாங்களோ?"

அது உண்மைதான். கனடா விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். இடையில் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. சோதினைக்கு இருக்கிற பிள்ளைக்குச் சாவுச் செய்தியை மறைப்பது எங்கள் சனத்துக்குப் புதிதுமில்லை. நானும் சரியென்று சொல்லித் தொலைத்தேன்.

அஞ்சலீனா கடற்கரை ஊரான பேசாலைக்காரி. கொழும்பில் பிரெஞ்சு படித்துவிட்டு, மேற்படிப்புக்கு மொன்றியல் வந்து இரண்டு வருடம். அங்கே பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் என் வீட்டுப் பின்னறைதான் அவளுக்கு உலகம். நூற்றைம்பது வருடத்துக்கு முன் இந்த நகரத்தில் ஒரு கல்லூரி விடுதியில் இருந்து படித்த தியோஃபில் என்ற பெடியனின் நாட்குறிப்புத்தான் அவளுடைய ஆராய்ச்சி. அவனும் கடற்கரைக்காரன், கஸ்பே பக்கத்து மீன்பிடிக் கிராமம். விடிய ஐந்து மணிக்கு எழுப்பி இலத்தீன் பாடமாக்க விடுவார்களாம். ஆறு உறைந்தால் கப்பல் கிடையாது, ஏப்ரல் வரை வீட்டை நினைக்கவே ஏலாது. 'இன்றைக்கும் அம்மா கனவில் வந்தா' என்று கிழமைக்கு நாலு தரம் எழுதியிருக்கிறான்.

"பெரியம்மா, இவனும் என்னைப் போல ஒரு அழுகுணி" என்று வாசித்துக் காட்டிச் சிரிப்பாள்.

சாவை மறைப்பதென்ன லேசுப்பட்ட வேலையா? கோயிலில் யாராவது துக்கம் விசாரிப்பார்கள் என்று பயந்து, ஞாயிறு பூசைக்குப் போகாமலிருக்க எனக்கு முழங்கால் வலி வந்தது. ஊர்ச் சங்கத்தார் மரண அறிவித்தல் அடித்துத் தமிழ்க் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார்கள். படத்துக்குக் கீழே, 'அஞ்சலீனா (கனடா) அவர்களின் பாசமிகு தந்தையும்' என்று கொட்டை எழுத்தில்! பெயரை விட்டால் சனம் கதைக்கும் என்று றோசாதான் போடச் சொன்னாளாம். பிள்ளைக்குச் சொல்ல மாட்டாள், பிள்ளையின் பெயரைப் போட்டு ஊருலகத்துக்கெல்லாம் சொல்லுவாள். அந்தக் குளிரில் நின்று நகத்தால் சுரண்டிக் கிழித்தேன்.

ஒவ்வொரு நாளும் தாயும் மகளும் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கதைப்பார்கள். "அப்பா சாப்பிட்டவரோ?" என்று இவள் கேட்பாள். "ஓம் பிள்ளை, இப்பதான் படுத்தவர்" என்பாள் றோசா. அந்தச் சத்தம் காதில் விழாமலிருக்க நான் குழாயைத் திறந்துவிடுவேன். என் வாழ்க்கையில் இவ்வளவு பாத்திரம் கழுவியதில்லை.

ஜனவரி கடைசியில் ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டில், சோற்றைப் பிசைந்தபடி அஞ்சலீனா சொன்னாள்: "அந்தத் தியோஃபில் பெடியனுக்கு வீட்டிலிருந்து வந்த கடிதத்தை அதிபர் பாதிரியார் ஆறு கிழமை பூட்டி வைச்சிருந்தவர். தகப்பன் செத்த செய்தி. சோதினை குழம்பிப்போகுமாம்."

நான் சாப்பாட்டைத் தள்ளி வைத்தேன். "பேந்து என்ன நடந்தது?"

"முதற்பரிசு எடுத்தவன். பரிசுப் புத்தகத்தோடை கடிதத்தையும் குடுத்தவையாம்."

"பிள்ளை..." என்றேன். அதற்கு மேல் பொறுக்க ஏலவில்லை. "உன்ரை அப்பா..."

"தெரியும் பெரியம்மா."

தண்ணீர் தரச் சொல்வது போலச் சொன்னாள். செத்த மறுநாளே இணையத்தில் அறிவித்தலைத் தன் பெயரோடு பார்த்துவிட்டாளாம்.

"கடவுளே! அப்ப நேற்றும் சாப்பிட்டவரோ எண்டு கேட்டியே?"

"கேக்காட்டி அம்மாவுக்கு விளங்கிடும். எனக்குத் தெரியும், ஆனா வர ஏலாது எண்டு தெரிஞ்சா அவ இன்னும் உடைஞ்சு போவா. ஒண்டும் தெரியாம நான் படிக்கிறன் எண்டு நினைச்சுத்தான் அவ எழும்பி நடமாடுறா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தாய்க்காரி பிள்ளையைக் காப்பாற்றுகிறாள், பிள்ளை தாயைக் காப்பாற்றுகிறாள், இரண்டு பேரும் மூச்சு முட்டிச் சாகிறார்கள். போனை எடுத்து றோசாவை நல்லாய் நாலு கேள்வி கேட்கப் போனேன். அஞ்சலீனா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம். எனக்கு ஒண்டே ஒண்டுதான் கேக்கோணும். அப்பா கடைசியில என்னைத் தேடினவரோ எண்டு. அதை அம்மாவின்ரை வாயால கேக்கோணும். அவ தானாச் சொல்லும்வரை காத்திருக்கத்தான் வேணும்."

அப்போதுதான் அழுதாள், அதுவும் வாயைப் பொத்திக்கொண்டு. அதற்குப் பிறகு பின்னறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. ஊரில் முப்பத்தோராம் நாள் பூசை நடந்த அன்றும் மேசையில் தியோஃபிலோடுதான் இருந்தாள். வழக்கம்போலத் தாயைக் கூப்பிட்டு, அப்பா சாப்பிட்டவரோ என்று கேட்டாள்.

பெப்ரவரி பன்னிரண்டு, மூன்று பேராசிரியர்கள் கேள்வி கேட்டு, கைகொடுத்து, திறமாகச் செய்திருக்கிறாய் என்று அனுப்பினார்களாம். வீட்டுக்கு வந்தவள் பனி ஒட்டிய சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. நின்றபடி தாயைக் கூப்பிட்டாள்.

"பாஸ் அம்மா."

றோசா சொன்னாள்: "பிள்ளை, மனசைத் திடப்படுத்திக்கொள். அப்பா எங்களை விட்டிட்டுப் போயிட்டார்."

இவள் இப்போதுதான் கேள்விப்பட்டவள் போல நடிக்க வேண்டுமே என்று நான் பதறினேன். நடிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மாதமாய் அடக்கி வைத்தது ஒரே குரலாய் வெடித்தது. கீழ்வீட்டுக்காரர் பயந்துபோய் வந்து கதவைத் தட்டினார். நான் அவளைப் பிடித்துக் கதிரையில் இருத்தினேன்.

மூச்சு வந்ததும் கேட்டாள்: "அம்மா, அப்பா என்னைத் தேடினவரோ?"

"தேடினவர் பிள்ளை. ரெண்டு தரம் போனைத் தா எண்டு கேட்டவர். நீ படிச்சுக்கொண்டிருப்பாய் எண்டு நான்தான் குடுக்கேல்லை."