சொந்தப் பிளாஸ்க்

வலது காலை மட்டும் செருப்பிலிருந்து உருவி, மேசைக்கடியில் குளிர்ந்த தரைமீது வைத்துக்கொள்கிறார். எதிரே, துணி வியாபாரி வரவழைத்த தேநீர் ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது. அதைத் தொடமாட்டார். பையிலிருந்து தன் பிளாஸ்க்கை எடுத்து, காலையில் போட்டுக் கசந்துபோன தேநீரை மூடியில் ஊற்றி, முகம் சுளிக்காமல் குடிப்பார். அதற்கப்புறம்தான் வழக்கமான கேள்வி: "சரி, ஊருக்கு என்ன செய்யப் போறீங்க?"

பெரிய மருத்துவமனை ஒன்றில் கொள்முதல் அதிகாரி அவர். பஞ்சிலிருந்து படுக்கை விரிப்புவரை எதை வாங்கவும் அவர் கையெழுத்து வேண்டும். விற்கிறவன் வாங்குகிறவன் வாசலில் காத்துக்கிடப்பதுதான் உலக வழக்கம். இவர் கதை தலைகீழ். 'சுற்றுவட்டாரத்து ஆட்களுக்கு வேலை கொடுங்கள், பக்கத்தில் கிடைப்பதைப் பக்கத்திலேயே வாங்குங்கள்' என்று சரக்கு தருகிறவர்களின் படியேறிக் கேட்பதற்கும் நிர்வாகம் இவரைத்தான் அனுப்புகிறது. வியாபாரிகள் வைத்திருக்கும் பெயர் 'ஊர்க்கவலை'. "ஊர்க்கவலை வருது, நாற்காலியத் தொடைச்சுப் போடு" என்று உள்ளே சொல்வது வெளியே நன்றாகவே கேட்கும். கேட்காததுபோல் வந்து உட்கார்ந்துகொள்வார்.

"அவங்க டீயக் குடிச்சுட்டா அப்புறம் எந்த வாயால அதட்டிக் கேக்குறது?" இது அவர் நியாயம்.

வீட்டில் கணவருக்கு வேறு நியாயம். "ஊருக்கெல்லாம் ஓடுறியே, வலிக்கிற அந்தக் காலை ஒரு டாக்டர்கிட்ட காட்டுனியா? வேலை பாக்கறது ஆஸ்பத்திரியில!" காட்ட வேண்டும் என்றுதான் இவரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஏமாந்ததும் உண்டு. சோப்பு விற்பவர், பள்ளிக்கூட வாசலில் மரக்கன்று நட்டுப் படம் அனுப்பினார். கொஞ்ச நாள் கழித்து இவர் அந்தப் பக்கம் போனபோது குழி மட்டும் இருந்தது. கன்று அடுத்த பள்ளிக்கூடத்துப் படத்துக்குப் போயிருந்தது. கோபப்படக்கூடத் தெம்பில்லை. "கன்னாவது நாலு இடம் பாத்துச்சே" என்று திரும்பி நடந்தார்.

உருப்படியாக நடந்தது ஒன்றே ஒன்று. மருத்துவமனைக்குப் பின்தெருவில் சில பெண்கள் தையல் தெரிந்தும் வேலையில்லாமல் இருந்தார்கள். துணி வியாபாரியைக் கரைத்துக் கரைத்து, விரிப்புகளைத் தைக்கும் வேலையை அவர்களுக்கு வாங்கிக் கொடுத்தார். மாலையில் வீடு திரும்பும் வழியில் அந்தத் தையல் அறைக்குள் நுழைவார். இரண்டு காலையும் துணிமூட்டைமேல் தூக்கிப் போட்டுக்கொண்டால், கையில் சூடாக ஒரு தம்ளர் வரும். "இங்க குடிக்கலாம். நீங்க அவருக்குத்தானே தைக்கிறீங்க, எனக்கா விக்கிறீங்க?" என்பார். நாள் முழுக்கச் சுமந்த அலுப்பு அந்த ஒரு தம்ளரில்தான் கொஞ்சம் இறங்கும்.

அதற்கும் கண் பட்டது. நோயாளி படுக்கிற துணி சீக்கிரம் கிழியக் கூடாதே என்று, யாரும் கேட்காமலே, ஓரத்தை மடித்து மேலும் மடித்து இரட்டைத் தையல் போட்டுவிட்டார்கள் பெண்கள். சலவைக்கூடத்தில் விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய உருளை, அந்தத் தடித்த ஓரத்தைக் கவ்விக்கொண்டு நின்றேவிட்டது. வெறும் வாயை மென்றுகொண்டிருந்த வியாபாரிக்கு அவல் கிடைத்தது.

"ஊரு ஊருன்னீங்களே மேடம், பாத்தீங்களா? இனிமே துணி வேணா தர்றேன். அவங்களோட என்னால மாரடிக்க முடியாது."

"நல்லா இருக்கணும்னுதானே அப்படித் தைச்சாங்க. மெஷினைக் காட்டாம விட்டது நம்ம தப்பு."

"அவ்ளோ அக்கறைன்னா நீங்களே அவங்ககிட்ட நேரா வாங்கிக்குங்க!"

வியாபாரி வெறுப்பில் சொன்னது. இவர் மேசைக்கடியில் காலால் துழாவிச் செருப்பை மாட்டிக்கொண்டு, "சரி" என்று எழுந்துவிட்டார். வேலை போய்விட்டால் அந்தப் பெண்கள் மறுபடி வீட்டுக்குள் முடங்கிவிடுவார்கள் என்ற பயம்தான் அவரை நடக்க வைத்தது. பெண்களைச் சலவைக்கூடத்துக்கு அழைத்துப்போய், உருளைக்குள் எந்த ஓரம் போகும், எது சிக்கும் என்று காட்டினார். துணியை வியாபாரியிடமும், தையலை நேராகப் பெண்களிடமும் வாங்கலாம் என்று நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி ஒப்புக்கொள்ள வைத்தார்.

முடிவான அன்று மாலை தையல் அறையில் ஒரே சிரிப்பு.

"வாங்கக்கா! இனிமே நாங்களும் உங்களுக்குச் சரக்கு குடுக்கறவங்க. எங்களையும் மிரட்டுவீங்களா?" மூத்த தையல்காரி துணிமூட்டையை இழுத்துப் போட்டு, நுரை ததும்பத் தம்ளரை நீட்டினாள்.

அதிகாரிக்குக் கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. மூட்டையைப் பார்த்தார், தம்ளரைப் பார்த்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது; அழுகையும் வந்தது. மூட்டையைத் தாண்டிப் போய், சுவரோரம் கிடந்த மர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னக்கா, ஆறிடப் போகுது."

வலது காலை மட்டும் செருப்பிலிருந்து உருவித் தரையில் வைத்தார். நீட்டிய தம்ளரை உள்ளங்கையால் மெல்ல விலக்கிவிட்டு, பைக்குள் கைவிட்டுப் பிளாஸ்க்கை எடுத்தார்.