மூன்றாவது ஓட்டை

உடைத்த சுவருக்கு ஒரு வாசனை உண்டு. பழைய சிமெண்டும், சூடுபட்டு வெளுத்த பிளாஸ்டிக்கும், உள்ளே எங்கோ செத்துக் காய்ந்த பல்லியும் சேர்ந்த வாசனை. போன மாதம் உப்பளம் பகுதியில் எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரைத் திறந்தபோது அது என் முகத்தில் வந்து அடித்தது. வயரிங் மாற்ற வந்த பஷீர் பாய் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு டாக்டர்கள் அப்படிப் பார்ப்பார்கள்.

"மூணு ஓட்டை பிளக்கு வச்சிருக்காங்க சார். மூணாவதுக்குப் பின்னால ஒண்ணுமே இல்லியே."

"ஒண்ணுமே இல்லன்னா?"

"எர்த்து இல்ல. பச்ச ஒயர் இழுக்கவே இல்ல, ஷாக் அடிக்காம காப்பாத்தறதே அதான். அந்த ஓட்டை சும்மா காத்து வாங்கறதுக்கு."

ஒவ்வொரு அறையாகக் கழற்றிப் பார்த்தார். எல்லா அறையிலும் காற்றுதான்.

வயரிங் கூலி எங்கள் ஊரில் பாயிண்ட் கணக்கு. ஒரு விளக்கு ஒரு பாயிண்ட், ஒரு ஃபேன் ஒரு பாயிண்ட். பாய் விரல்விட்டு எண்ணிக்கொண்டு முன்னால் போக, நான் சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். கடைசியில் அவர் சொன்ன தொகையைக் கேட்டுச் சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

"பச்ச ஒயரா சார் காசு? பதிச்சிருக்கற பைப்பு சின்னது, ரெண்டுக்கு மேல நொழையாது. செவுத்த ஒடைக்கணும், பூசணும், பெயிண்ட் அடிக்கணும். கட்டும்போதே இழுத்திருந்தா ஒரு சுருளோட போயிருக்கும்."

அந்த ஒரு சுருளை வீடு கட்டும்போதே நான் வாங்கியிருந்தேன். தோளில் மாலை மாதிரி மாட்டிக்கொண்டு கடையிலிருந்து நடந்தே வந்தேன். புது ஒயரின் வாசனை உங்களுக்குத் தெரியுமா? ரப்பர் பொம்மையை முதன்முதலில் கையில் வாங்கினால் வருமே, அது. லோன் போட்டுக் கட்டிய வீட்டுக்கு அதைவிட நல்ல சாம்பிராணி இல்லை என்று நினைத்தேன். அந்த வயதில் எல்லாவற்றையும் அப்படித்தான் நினைப்பேன்.

பக்கத்தில் பைப்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு செல்வம் வந்தான். தட்டாஞ்சாவடியில் நான் ஸ்டோர்கீப்பராக இருந்த மோட்டார் கம்பெனியில் அவன் எலக்ட்ரீஷியன். அவன் டிபனில் பாதி எனக்கு. என் கவலையில் பாதி அவனுக்கு. கூலி என்ன என்று கேட்டபோது நிஜமாகவே கோபித்துக்கொண்டான்.

"உங்கிட்ட நான் பாயிண்ட் எண்ணுவனாடா?"

இன்றைக்கும் அந்த வாக்கியம் எனக்கு இனிக்கிறது, அதுதான் கொடுமை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அரியாங்குப்பத்திலிருந்து சைக்கிளில் ஆற்றைத் தாண்டி வந்து வேலை செய்தான். கம்பெனியில் கையெழுத்து இல்லாமல் ஒரு நட்டைக்கூட வெளியே விடாத நான், என் வீட்டில் ஒரு பச்சைச் சுருள் எங்கே போனது என்று திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டாளியின் கையை யார் எண்ணுவார்கள்?

குடிவந்து ஒரு மாதத்தில் அம்மா சொன்னாள்: "தம்பி, இந்த ஃபிரிஜ்ஜு கிள்ளுதுடா."

"ஈரக்கையோட தொட்டிருப்ப."

"ஈரக்கை இல்லாம எவடா சமைக்கறா?"

அவள் விடவில்லை. செல்வத்தைக் கூப்பிட்டேன். டெஸ்டரை ஃபிரிஜ் கதவில் வைத்துக் காட்டினான், பல்பு எரியவில்லை. "பாரு, ஒண்ணுமில்ல. அம்மாவுக்கு நரம்பு வீக்கா இருக்கும். டாக்டர்கிட்ட காமி."

டெஸ்டரின் தலையில் விரல் பட்டால்தான் பல்பு எரியும் என்பதைப் போன மாதம் பாய் காட்டித்தான் தெரிந்துகொண்டேன். செல்வத்தின் விரல் அன்றைக்குத் தலையில் இல்லை, கழுத்தில் இருந்தது. கம்பெனியில் டெஸ்டர் டெஸ்டராக எடுத்துக் கொடுத்தவன் நான். ஒன்றைப் பிடிக்கத் தெரியாது.

டாக்டர் சத்து மாத்திரை எழுதினார். அம்மா தினமும் காலையில் என் எதிரில் ஒன்று விழுங்கினாள். பாதவலி என்று சமையலறையில் மட்டும் ரப்பர் செருப்பு போட ஆரம்பித்தாள். இரண்டாவது வாரத்திலிருந்து ஃபிரிஜ்ஜைப் பற்றிப் பேச்சே இல்லை. மாத்திரை என்னமாய் வேலை செய்கிறது பார் என்று தெருவெல்லாம் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அதே மாத்திரையை வாங்கிக் கொடுத்தேன் என்றால் பாருங்களேன்.

போன மாதம் சுவரைத் திறந்த அன்றைக்கு, பாய் கிளம்பியதும் நேராக அரியாங்குப்பம் போனேன். செல்வத்துக்கு இப்போது முட்டிவலி. காலை நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தான். சுவரை உடைத்த கதையைச் சொன்னேன். மறுக்கவில்லை.

"பெரிய பைப்பும் அந்தச் சுருளும் எங்க அக்கா வீட்டுக்குப் போச்சுடா. அவ வீட்ல சின்னப் பசங்க. உங்க வீட்ல பெரியவங்க ரெண்டே பேரு. ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்."

"டெஸ்டர்?"

காலைக் கீழே இறக்கினான்.

"மறுவாரம் நீ டூட்டிக்குப் போனப்புறம் வந்து அம்மாகிட்ட ஒத்துக்கிட்டேன். சரி பண்ணணும்னா செவுத்த ஒடைக்கணும், செலவு ஆவும்னேன். 'லோன் கட்டவே திண்டாடறான், வாணாம் உடு'ன்னாங்க. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. 'உன்ன உட்டா அவனுக்கு ஆளில்ல'ன்னாங்க."

நான் எழுந்து வந்துவிட்டேன். அவன் வாசல்வரை நொண்டி வந்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்படியென்றால் அந்த மாத்திரைகளை அவள் விழுங்கியது எனக்காக. சமையலறையில் மட்டும் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு நடந்தது பாதவலியால் இல்லை. இறந்துபோகும் வரைக்கும், என் சிநேகிதத்துக்கும் என் சுவருக்கும் சேர்த்து அவள் கிள்ளு வாங்கியிருக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து என்னைச் சின்னப் பையனாக்கி வைத்திருந்தார்கள். செல்வத்தோடு பேசாமல் இருந்துவிட முடியும், இருக்கிறேன். அம்மாவோடு எப்படிச் சண்டை போடுவது என்றுதான் தெரியவில்லை.

வேலை முடிந்துவிட்டது. பாய் எல்லா அறைக்கும் பச்சை ஒயர் இழுத்துவிட்டார். பூச்சு காய்ந்து பெயிண்டும் அடித்தாயிற்று. நேற்று சாயந்திரம் செருப்பில்லாமல், கையைக் கழுவித் துடைக்காமல், ஃபிரிஜ் கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கிள்ளவில்லை. வெறும் தகரம்.