கை எட்டும் உயரம்

பட்டறையில் அவளை எல்லாரும் ‘மிதவை மேடம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அலையின் உயரம், நீரின் சூடு, காற்றின் வேகம் எல்லாவற்றையும் அளந்து கரைக்கு அனுப்பும் மிதவைகளை வடிவமைப்பது அவள் வேலை. அவள் செய்த முதல் இரண்டு மிதவைகளையும் கடல் ஒன்றும் செய்யவில்லை. படகுக்காரர்கள்தான் ஒரு வழி பண்ணினார்கள். மிதவையில் இருக்கும் வளையத்தைக் கண்டால் போதும், படகைக் கட்டிவிட்டு ஹாயாக மீன் பிடிப்பார்கள். மிதவையின் நங்கூரச் சங்கிலி எத்தனை நாள் தாங்கும்? இரண்டும் அறுந்து போயின.

மூன்றாவதும் போனால் திட்டத்தையே இழுத்து மூடிவிடுவோம் என்றது தலைமை அலுவலகம். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. வளையம், கொக்கி, விளிம்பு ஒன்று விடாமல் எடுத்துவிட்டு, முட்டை மாதிரி வழவழவென்று ஒன்றைச் செய்தாள்.

"ஈ உக்காந்தாக்கூட வழுக்கி விழும் மேடம்," என்றார் வெல்டர்.

பதினான்கு மாதம் அது இடம் பெயராமல் எண்களை அனுப்பியது. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பிறகு ஒருநாள் மீனவர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, உட்காரக்கூடச் சொல்லவில்லை அவள்.

"படகு கவுந்து, நானும் தம்பியும் உங்க மிதவை வரைக்கும் நீந்திட்டோம்மா. பிடிக்கத்தான் ஒண்ணும் இல்ல. கட்டிப் பிடிச்சுப் பாத்தோம், வழுக்கிருச்சு. வேற படகு வந்து என்னைத் தூக்குச்சு. அவன் அதுக்குள்ள போயிட்டான்."

அவள் ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கம் போட்டாள்.

"உங்க மேல கோவம் இல்ல. அடுத்ததுல ஏதாச்சும் வைங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்."

நான்காவது மிதவையைச் சுற்றி ஒரு கயிறு ஓடியது. ஆள் தொங்கினால் தாங்க வேண்டும், படகைக் கட்டினால் அறுந்துவிட வேண்டும். அப்படியொரு கயிற்றைத் தேடிப் பிடிப்பதற்குள் ஒரு மாதம் நாய்படாத பாடு பட்டாள். சோதனைத் தொட்டியில் மிதவையை இறக்கி, மீனவரை வரவழைத்தாள்.

"இந்த உயரம் போதுமாண்ணே?"

அவர் சட்டையோடு தொட்டியில் இறங்கினார். கயிற்றை எட்டிப் பிடித்தார், விட்டார்.

"எனக்கு இப்ப எட்டுதும்மா. ரொம்ப நேரம் நீந்தின கை தோளுக்கு மேல வராது." மிதவையின் மேல், நீர் மட்டத்தை ஒட்டி உள்ளங்கையை வைத்தார். "தம்பி கை இங்கதான் இருந்துச்சு."

அவள் தொட்டியின் விளிம்பில் மண்டியிட்டுக் குனிந்தாள். ஈரத்தில் மார்க்கர் எழுதவில்லை. அவர் கையை எடுப்பதற்குள், புதுப் பெயின்ட் என்றும் பாராமல், அந்த இடத்தில் ஆணியால் கீறினாள்.