ஆறு சேனல்கள்

ஒத்தக்கடையில் ஒரு தனியார் மருத்துவமனையின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சை நான்கு வருடம் பார்த்துக்கொண்டேன். அங்கிருந்த நிர்வாக அதிகாரியை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. இருவருமே அதை மறைத்ததில்லை.

மருத்துவமனைக்கு வந்த டிஜிட்டல் டிரங்க் லைனில் முப்பது சேனல்கள். ஒருவர் பேச ஒன்று போதும். வியாழக்கிழமைகளில் சென்னையிலிருந்து ஒரு புற்றுநோய் மருத்துவர் வீடியோவில் நோயாளிகளைப் பார்ப்பார். ஒத்தக்கடையில் இன்டர்நெட் அடிக்கடி படுத்துவிடும் என்பதால் அந்த வீடியோவும் டெலிபோன் லைன் வழியாகத்தான் போனது. அதற்கு ஆறு சேனல்கள் ஒருசேர வேண்டும். ஐந்துதான் காலி என்றால் அழைப்பு கிளம்பவே கிளம்பாது. அதனால் பேச்சு அழைப்புகள் தொடாதபடி ஆறு சேனல்களை ஒதுக்கி வைத்திருந்தேன்.

அதிகாரிக்கு அது தெரியவந்தது.

"வெளியிலருந்து கூப்புடுறவனுக்கெல்லாம் பிஸின்னு வருது. நீ ஆறு லைன சும்மா போட்டு வச்சிருக்க."

"சும்மா இல்ல சார். வியாழக்கிழமை வீடியோவுக்கு."

"வாரத்துல ஒரு நாளைக்காக இம்புட்டயும் அடச்சு வைப்பியா? எடுத்து விடு."

"எழுதிக் குடுங்க, எடுத்து விடுறேன்."

பேப்பரைப் பிடுங்கி எழுதி, கையெழுத்துப் போட்டு என் பக்கம் எறிந்தார். அன்றே ஆறையும் எடுத்து விட்டேன்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வியாழன் காலையில் மட்டும் அந்த ஆறும் வீடியோவுக்கு, மற்ற நேரமெல்லாம் பேச்சுக்கு என்று அமைக்க முடியும். எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் அவர் மூக்குடைபட வேண்டும் என்று காத்திருந்தேன்.

அடுத்த வியாழன், மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். கன்னத்துப் புண்ணைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள். பதினொரு மணிக்கு வீடியோவைப் போட்டோம். போகவில்லை. மூன்று தடவை முயன்றும் போகவில்லை. முப்பது சேனலிலும் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி உள்ளே வந்ததும் என்னைக் காட்டி, நர்ஸ்கள் காதுபட, "இந்தம்மாதான் லைனக் கெடுத்து வச்சிருக்கு" என்றார். நான் அவர் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து உரக்க வாசித்தேன். அவர் கத்தினார். நானும் கத்தினேன். எத்தனை நாள் சேர்த்து வைத்ததோ, எல்லாம் வந்தது.

அந்தப் பெண் எழுந்தாள். வாய் சரியாகத் திறக்கவில்லை.

"ஒங்க சண்டைய அப்பறம் வச்சுக்கங்க. டாக்டர் பன்னெண்டு மணிக்குப் போயிருவாராம்ல. இப்ப வருமா, வராதா?"

எக்ஸ்சேஞ்ச் அறைக்கு ஓடினேன். ஆறு சேனல்களை மறுபடி ஒதுக்கினேன். அவற்றில் பேசிக்கொண்டிருப்பவர்கள் வைத்தால்தான் காலியாகும். ஒவ்வொருவராக வைத்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் பேசிக்கொண்டே இருந்தார். இணைப்பை அறுத்துவிடலாமா என்று கை பரபரத்தது. அவசரத்துக்குக் கூப்பிட்டவராக இருந்தால்? அவராக வைக்கும்வரை விட்டுவிட்டேன்.

படம் வந்தபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. மருத்துவர் அவசரமாகப் பார்த்து, மறுநாளே அட்மிட் ஆகச் சொன்னார். காத்திருந்த மீதி நாலு நோயாளிகளை அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

போகும்போது அந்தப் பெண் என்னிடம் நின்றாள்.

"இப்பிடி ஆகும்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சே சும்மா இருந்திருக்கீக."

அதிகாரி என்னைத் திட்டியதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. இது உறைத்தது.

அன்று சாயங்காலமே வியாழக்கிழமை அமைப்பைப் போட்டேன். கால் மணி நேர வேலை. உத்தரவில்லாமல் மாற்றியதற்கு அதிகாரி மெமோ கொடுத்தார். வேலையை விட்டுவிட்டு இப்போது அவனியாபுரத்தில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். அந்த அமைப்பை அவர் எடுக்கச் சொல்லவில்லை என்று பிறகு ஒரு நர்ஸ் சொன்னாள். அந்த மேலூர்ப் பெண் என்ன ஆனாள் என்று அவளிடம் கேட்க வாய் வரவில்லை.