ஒன்பது உயிர்

“இந்த கேம் ரெண்டாம் பாகத்துல உயிர் ஜாஸ்திடா, த்ரில்லே இல்ல” என்று ஹாலில் என் மகன் அடித்துச் சொன்னான். “அதான்டா சூப்பரே, பயமில்லாம காடெல்லாம் சுத்தலாம்” என்றான் அவன் நண்பன்.

சிறுவயதில் ஆம்பூரில், டேனரியின் தோல் நாற்றம் ஜன்னல் வழியே வரும் சலீம் வீட்டில் நானும் என் மகனைப் போலவேதான் சொன்னேன். வீடியோ கேம் அவனுடையது. திரையில் அவன் ஆளுக்கு எல்லா உயிரும் போனால்தான் என் முறை. முதல் பாகத்தில் மூன்றே உயிர். பள்ளத்தில் விழட்டும் என்று வேண்டிக்கொள்வேன். ரெண்டாம் பாகத்தில் ஒன்பது. சாயங்காலம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் அவன் அம்மா டிவியை அணைத்தார். அதுவரை சலீம் சாகவே இல்லை.

“இன்னாடா கேம் இது, ஒரே பேஜாரு” என்றேன்.

இப்போது ஹாலை எட்டிப் பார்த்தேன். கேம் ஓடிக்கொண்டிருந்த லேப்டாப் அந்த நண்பனின் மடியில் இருந்தது.