கரடி இருக்கும் இடம்

“மூச்சை இழு… அப்படியே பிடி… பந்தைப் பாரு, பந்தைப் பாரு… ம், விடு.”

எக்ஸ்ரே எடுக்கும் அவர் அறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கும் மஞ்சள் பந்தை, கை முறிந்து வந்த குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்க்கும். வேலை முடிந்ததும் பந்துதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் பிய்த்துக் கொடுத்துவிடுவார். பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் எப்போதும் இன்னொன்று இருக்கும்.

ஆள் குட்டை, தொப்பை, மூக்கு நுனியில் கண்ணாடி. இருந்தும் குழந்தையோடு வந்த தாய் யாராவது உற்று உற்றுப் பார்த்துவிட்டு, “சார், நீங்க அந்த மேகக் கரடி படத்துல வர்ற பையன்தானே?” என்று கேட்டுவிடுவாள்.

“ஆமாம்மா. அப்ப பையன், இப்ப நானே கரடி” என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவார்.

விடுமுறை வந்தால் இன்றும் வீட்டுக்கு வீடு ஓடுகிற படம் அது. ஒரு அண்ணன், ஒரு தங்கை, அவர்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும் மலை போன்ற ஒரு கரடி. படப்பிடிப்பில் கரடியே கிடையாது. கேமராவுக்கு இடப்பக்கம் உயரத் தூக்கிப்பிடித்த கம்பு நுனியில் ஒரு மஞ்சள் பந்து; அதுதான் கரடியின் மூக்கு. மற்றதையெல்லாம் பிறகு கணினியில் வரைந்து சேர்த்தார்கள். “கேமராவைப் பாக்காதே, பந்தைப் பாரு!” என்று டைரக்டர் போட்ட கத்தலில் ஏழு வயதில் பழகிய கண், இன்றும் கேமரா என்று எதைக் கண்டாலும் நழுவி இடது மேல்மூலைக்குப் போய்விடுகிறது.

“கல்யாண ஆல்பத்தைப் பாருங்க. பக்கத்துல நான் ஒருத்தி நிக்கறேன், இவரு விட்டத்துல பல்லி தேடறாரு” என்பது வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் மனைவி சொல்லும் புகார். மகளைக் கையில் ஏந்திய படத்திலும் பல்லிதான். அவள் பட்டம் வாங்கிய படத்திலும் அதேதான்.

அந்த மகளுக்குக் கடல் கடந்து வேலை கிடைத்திருக்கிறது. நாளை விமானம். வழியனுப்பத் தங்கையும் வந்திருந்தாள். கூடப் பிறந்தவள் அல்ல, படத்தில் தங்கையாக நடித்தவள். நகரப் பேருந்து ஓட்டுகிறாள். படம் முடிந்தும் உறவு முடியவில்லை.

“அப்பா, ஒரே ஒரு போட்டோ. அங்க போய்ச் சுவத்துல மாட்டிக்கப் போறேன். நான் நிமிர்ந்தா நீ என்னைப் பாக்கணும். பல்லியை இல்ல.”

போனை அலமாரியில் சாய்த்து, தானாக எடுக்கும்படி வைத்துவிட்டு, ஓடிவந்து சோபாவில் அவரை ஒட்டி உட்கார்ந்தாள். எடுத்ததைப் பார்த்தால் அதே மூலை. மறுபடி எடுத்தாள். மறுபடியும் அதே மூலை. போதாக்குறைக்குத் தங்கையும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத்தை, நீயுமா? பஸ்ஸையும் இப்படித்தான் ஓட்றியா?”

“நான் என்னடி பண்ணுவேன்? கேமரான்னா எனக்கும் கண்ணு அங்கதான் ஓடுது.”

மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மகளின் முகம் சுண்டிப்போனதைப் பார்த்துவிட்டார்.

“வேணும்னு பண்ணலம்மா” என்றார் மெதுவாக.

அவள் எழுந்துபோய் அவருடைய பையைத் துழாவினாள். சாப்பாட்டு டப்பாவைத் தள்ளிவிட்டு மஞ்சள் பந்தை எடுத்தாள். போனின் தலைமேல், கேமராவை ஒட்டினாற்போல வைத்து டேப்பால் இறுக்கினாள். திரும்பி வந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

“மூச்சை இழுப்பா. பிடி. பந்தைப் பாரு.”

பார்த்தார். கண் எங்கேயும் நழுவவில்லை. போனில் விளக்கு மின்னத் தொடங்கியபோது, அவருடைய வலது கை தானாக உயர்ந்து, பந்துக்குச் சற்றுக் கீழே, கரடியின் தாடை இருக்கவேண்டிய இடத்தில், காற்றை மெல்லச் சொறிந்துகொடுத்தது. பக்கத்தில் தங்கையின் கையும்.